டெங்கு ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராதா?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. சென்ற ஐப்பசி மழையின்போது டெங்கு வந்து, மருத்துவமனையில் சேர்த்துத் தேறினாள். "ஒருமுறை வந்தாயிற்று, அம்மை மாதிரி இனி வராது" என்கிறார் என் மாமியார். இளையவனுக்கு நான்கு வயது. எல்.கே.ஜி.யில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளியும் காய்ச்சலும் வருகின்றன. அவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொல்லி மருந்துக் கடையில் ஒரு டானிக்கைக் காட்டினார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன். ஒரே வீட்டில் ஒரே சோறு சாப்பிடும் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் சக்தி குறையுமா? அம்மை ஒருமுறையோடு நின்றுவிடுகிறது, சளி மட்டும் ஏன் நிற்பதில்லை? டானிக் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

— வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கவலைக்கு நேரடியான விடைகளைச் சொல்லிவிடுகிறேன். டெங்கு மறுபடியும் வரலாம். இரண்டாவது முறை வரும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. உங்கள் மகனுக்கு நீங்கள் எழுதியுள்ள தொந்தரவுகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு வழக்கமாக வருபவையே. அவற்றை மட்டும் வைத்து எதிர்ப்பாற்றல் குறைவு என்று யாரும் முடிவுகட்ட இயலாது. டானிக்கை வாங்காமல் வந்தது சரியான முடிவு. இந்த மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நோய் எதிர்ப்பாற்றல் என்பது இரத்த அழுத்தத்தைப் போல ஏறி இறங்கும் ஒற்றை அளவு அன்று. உடல் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகச் சந்தித்து, தனித்தனியாகக் கற்று, தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொன்னால், மாமியாருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் நீங்களே விளக்கம் தர முடியும்.

உடலின் தற்காப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு பிறக்கும்போதே நம்மோடு வருவது. எந்தக் கிருமி என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே வேலையைத் தொடங்குவது. தோல் இதில் முதன்மையானது. உயிரற்ற செல்களால் ஆன அதன் மேற்பரப்பு இடைவிடாமல் உதிர்ந்து, ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகளையும் கொண்டுபோய்விடுகிறது. உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியை இரைப்பையின் அமிலம் அழிக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக அசைந்து, தூசியையும் கிருமியையும் சிக்கவைத்த கோழையைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அருவருக்கும் மூக்குச் சளியும்கூட வெறும் கழிவு அன்று. அலெக்சாண்டர் ஃபிளெமிங் தமக்குச் சளி பிடித்திருந்தபோது மூக்கிலிருந்து எடுத்ததையே ஆய்வுத் தட்டில் இட்டுப் பார்த்து, சிலவகை பாக்டீரியாக்களைக் கரைத்துவிடும் பொருள் ஒன்று அதில் இருப்பதைக் கண்டு 1922இல் வெளியிட்டார். லைசோசைம் எனப்படும் அந்த நொதி கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. அவர் பெனிசிலினைக் கண்டறிந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

இந்தத் தடைகளைத் தாண்டி ஒரு கிருமி உள்ளே புகுந்தால் என்ன நடக்கிறது என்பதை, காலில் கருவேல முள் தைத்த எவரும் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். சில மணி நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. முள்ளோடு போன பாக்டீரியாவைத் திசுவில் இருக்கும் விழுங்கணுக்கள் அடையாளம் கண்டு இரசாயன அறிவிப்புகளை வெளியிட, அங்குள்ள நுண்குழாய்கள் விரிவடைகின்றன. அவற்றின் சுவர் தளர்ந்து நீரும், அதன் பின்னாலேயே நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் இரத்தத்திலிருந்து வெளியேறித் திசுவுக்குள் நுழைகின்றன. அவை கிருமிகளை விழுங்கிச் செரித்துத் தாமும் மடிகின்றன. இரண்டாம் நாள் முள்ளைச் சுற்றித் திரளும் சீழ் பெரும்பாலும் அப்படி மடிந்த நியூட்ரோஃபில்கள்தாம். இந்தக் காட்சியை முதலில் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தவரும் முள்ளைக் கொண்டுதான் அதைச் செய்தார். 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த இலியா மெக்னிகோவ், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி கண்ணாடிபோல இருக்கும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக அவருக்கு 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு, பால் எர்லிக்குடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

காய்ச்சலும் இந்த முதல் அடுக்கின் செயல்தான். வெள்ளையணுக்கள் வெளியிடும் பொருள்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டி, உடல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற வரம்பையே உயர்த்திவிடுகின்றன. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது குழந்தை குளிரில் நடுங்குகிறது. பல கிருமிகள் அந்த வெப்பத்தில் மெதுவாகப் பெருகுகின்றன; வெள்ளையணுக்களோ சுறுசுறுப்படைகின்றன. பாராசிட்டமால் அந்த வரம்பைக் கீழே இறக்கிக் குழந்தைக்கு ஆறுதல் தருகிறதே தவிர, நோயை அது குணப்படுத்துவதில்லை. எனவே உங்கள் மகனுக்கு மூக்கு ஒழுகுவதும் இருமுவதும் உடல் சுடுவதும் அவனுடைய தற்காப்பு வேலை செய்வதன் அடையாளங்கள். அது வேலை செய்யாத குழந்தைகளின் நிலை வேறு மாதிரி இருக்கும். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி இரண்டாவது அடுக்கு. உங்கள் கேள்விகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதல் அடுக்கு கிருமிகளை வகை வகையாகத்தான் அறியும். இன்ன கிருமி என்று பெயர் சொல்லி அறியாது. அந்த நுட்பம் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களுக்கு உண்டு. நம் உடலில் கோடானுகோடியாக இருக்கும் இவற்றின் சிறப்பு, ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில், கிருமியின் துணுக்கைப் பற்றிக்கொள்ளும் வெவ்வேறு வடிவமுள்ள ஏற்பியைத் தாங்கியிருப்பது. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் கலைப்பதுபோல மாற்றி மாற்றி இணைத்து, இதுவரை வந்திராத கிருமிக்கும் பொருந்தக்கூடிய ஏற்பிகளை உடல் முன்கூட்டியே செய்து வைக்கிறது. இதன் மரபியல் வழியை விளக்கியதற்காகத்தான் சுசுமு தொனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். கிருமி ஒன்று நுழையும்போது, அதன் துணுக்குகள் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. அங்கே பொருந்தும் ஏற்பியுள்ள ஒருசில லிம்ஃபோசைட்டுகள் மட்டும் தூண்டப்பட்டு, பிரிந்து பிரிந்து பல்லாயிரமாகப் பெருகுகின்றன. தொண்டை வலிக்கும்போது தாடைக்குக் கீழும், காலில் புண் வரும்போது தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறது என்கிறோமே, அது இந்தப் பெருக்கத்தால் கணு வீங்குவதே.

இவற்றில் பி செல்கள், கிருமியைப் பற்றிக்கொண்டு முடக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. டி செல்களில் ஒரு பிரிவு, வைரஸ் குடிபுகுந்த நம்முடைய செல்களையே கண்டுபிடித்து அழிக்கிறது. முதல் சந்திப்பில் இதற்கெல்லாம் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரம்தான் நாம் நோயாளியாகப் படுத்திருக்கும் காலம். நோய் தீர்ந்த பிறகு பெருகியவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிட, ஒரு சிறு பகுதி நினைவுச் செல்களாக ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அதே கிருமி மறுபடி வந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை பரவியது. அதன்பின் 65 ஆண்டுகள் அந்த நோய் அங்கே தலைகாட்டவில்லை. 1846இல் மறுபடி நுழைந்தபோது, அங்கு வாழ்ந்த 7,782 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்து எழுதிய அறிக்கையில், 1781இல் தட்டம்மை கண்டு உயிரோடிருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட அது இரண்டாம் முறை தொடவில்லை என்று பதிவு செய்தார். தட்டம்மை வைரஸில் நம் எதிர்ப்பொருள்கள் பற்றும் பகுதிகள் மாறுவதில்லை. ஆகவே ஒருமுறை பதிந்த நினைவு ஆயுளுக்கும் போதுமானதாக இருக்கிறது. அம்மையைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வது பெருமளவு சரி. சின்னம்மையும் பெரும்பாலும் ஒருமுறையோடு நிற்கிறது. ஆனால் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, முதுமையிலோ உடல் நலிந்த காலத்திலோ அக்கியாக வெளிப்படக்கூடும். குயவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்த நம் பெரியவர்கள், தம் சிறுவயதில் வந்துபோன அம்மையின் மிச்சத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தார்கள்.

சளிக்கு மட்டும் ஏன் இந்த விதி பொருந்துவதில்லை? பொருந்தத்தான் செய்கிறது, சளி என்பது ஒரே நோய் அன்று என்பதுதான் விஷயம். மளிகைக் கடையின் பற்று நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பக்கம் இருப்பதுபோல, உடலின் நினைவில் ஒவ்வொரு கிருமிக்கும் தனிப் பக்கம் வேண்டும்; ஒரு பக்கத்தில் எழுதியது அடுத்த பக்கத்துக்கு உதவாது. சளியை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அதற்கு மேல் அடினோவைரஸ், ஆர்.எஸ்.வி., சாதாரணக் கொரோனா வைரஸ்கள், ஆண்டுதோறும் உருமாறும் இன்ஃபுளுவென்சா என்று பட்டியல் நீளுகிறது. நல்ல உடல்நலமுள்ள சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒரு வகுப்பறையில் முப்பது பிள்ளைகளோடு புதிதாக உட்காரும் ஆண்டில் அது இன்னும் கூடும். ஒவ்வொன்றும் ஏழெட்டு நாள், இருமல் சில வேளைகளில் இரண்டு வாரம்வரை நீடிப்பதால், குழந்தை எப்போதும் சளியோடேயே இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் இது தானாகக் குறையும். உங்கள் மகளும் அந்த வயதில் இப்படித்தான் இருந்திருப்பாள், நினைவுபடுத்திப் பாருங்கள். இன்று அவளுக்குச் சளி குறைவாக வருவது, அதே சோற்றில் அவளுக்கு மட்டும் கூடுதல் சக்தி சேர்ந்ததால் அன்று. ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அவள் இந்தக் கிருமிகளில் பலவற்றைச் சந்தித்துவிட்டாள் என்பதால்தான்.

இப்போது டெங்கு. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். உங்கள் மகளுக்கு வந்த வகை எதுவோ, அதற்கு எதிரான பாதுகாப்பு அவளுக்கு நெடுங்காலம் இருக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். அதன் பிறகு வேறொரு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள்கள் புதிய வைரஸைப் பற்றிக்கொள்கின்றன, ஆனால் முடக்குவதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டிய பொருளை ஆவலோடு விழுங்குவது விழுங்கணுக்களின் இயல்பு. டெங்கு வைரஸ் பெருகுவதோ அந்த விழுங்கணுக்களுக்குள்ளேயேதான். ஆக, பாதுகாப்புக்காக உண்டானதே வைரஸ் உள்ளே நுழைய வழி செய்துகொடுத்துவிடுகிறது. கியூபாவில் 1977இல் முதல் வகை டெங்கு பரவி, 1981இல் இரண்டாம் வகை வந்தபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு 158 பேர் இறந்தார்கள். கடுமையான நிலைக்குச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் 1977இல் ஒருமுறை டெங்கு கண்டவர்களே. நீங்கள் அஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் சிக்கலின்றித் தேறிவிடுகிறார்கள். ஆனால், "வந்தாயிற்று, இனி வராது" என்று அடுத்த காய்ச்சலை அலட்சியப்படுத்துவது ஆபத்து.

மகளின் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதில் மூன்று வரிகள் இருக்கும்: என்.எஸ்.1, ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. முதலாவது வைரஸின் புரதம். காய்ச்சலின் முதல் நான்கைந்து நாள்களில் இரத்தத்தில் தென்படுவது. ஐ.ஜி.எம். என்பது உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள். சுமார் ஐந்தாம் நாளிலிருந்து தெரியும். ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்பொருள் முதல் தொற்றில் தாமதமாக, குறைவாக வரும். இரண்டாம் தொற்றில் நினைவுச் செல்கள் ஏற்கெனவே இருப்பதால் முதல் சில நாள்களிலேயே வேகமாக உயரும். அடுத்த முறை காய்ச்சல் வந்து பரிசோதிக்க நேர்ந்தால், பழைய அறிக்கையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையை எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்க அது உதவும்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடையும் நாள்தான் டெங்குவில் மிக முக்கியமான நாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு தணியும் வேளையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து படுத்தல் அல்லது காரணமில்லாமல் அரற்றுதல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. காய்ச்சலுக்கு, எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக்கசிவை மிகுவிக்கும், கொடுக்கவே வேண்டாம்.

உடலின் நினைவை வேண்டுமென்றே உண்டாக்க நமக்குத் தெரிந்த நம்பகமான வழி தடுப்பூசி. சில நோய்களில் நோய் வந்து போனாலும் நினைவு பதிவதில்லை. டெட்டனஸ் அப்படிப்பட்டது: உயிரைப் பறிக்கப் போதுமான அந்த நச்சின் அளவு, லிம்ஃபோசைட்டுகளைத் தூண்டப் போதாத அளவுக்கு மிகச் சிறியது. டெட்டனஸிலிருந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டுத்தான் ஆக வேண்டும். தட்டம்மை இன்னொரு விதத்தில் கொடியது. அது நினைவுச் செல்களையே தாக்கி அழிப்பதால், மற்ற நோய்களுக்கு எதிராக அதுவரை சேர்த்துவைத்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை குழந்தைகள் இழந்துவிடுகிறார்கள் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மகனின் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போட வேண்டிய தட்டம்மை–ருபெல்லா ஊசிகள் இரண்டும் போடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஐந்து வயது முடிந்ததும் அவனுக்கு டி.பி.டி. ஊக்க ஊசி உண்டு. மகளுக்குப் பத்து வயதில் டெட்டனஸ்–டிப்தீரியா (Td) ஊசி. இவை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

டானிக்கைப் பற்றிச் சொல்கிறேன். எந்தப் புட்டியில் உள்ள எந்த மருந்தும் ரைனோவைரஸின் நூற்றறுபது வகைகளையும் குழந்தையின் உடலுக்கு அறிமுகப்படுத்திவிட இயலாது. உண்மையில் தற்காப்பைத் தளர்த்துபவை குறிப்பிட்ட குறைபாடுகள்: புரதக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, வைட்டமின் ஏ குறைவு, குடற்புழு, தூக்கமின்மை. அந்தக் குறை இருந்தால் அந்தக் குறையைத்தான் சரி செய்ய வேண்டும். முட்டை, பருப்பு, மீன், முருங்கைக் கீரை, பழம் என்று வீட்டுச் சாப்பாடு ஒழுங்காக இருந்து, வயதுக்கு ஏற்ற எடையும் இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தையும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள். உழைத்துச் சம்பாதித்த பணம், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற தாயின் பயத்தால் இத்தகைய புட்டிகளுக்குப் போவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அது பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். வைரஸால் வரும் சளியில் அதற்கு வேலையில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதும் அதற்குக் காரணம் ஆகாது. அந்தப் பச்சை நிறம் நியூட்ரோஃபில்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம், வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதன் குறி. போன முறை எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி மறுபடி மருந்து வாங்கும் பழக்கம் வேண்டாம். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதையும், வீட்டுக்குள் யாரேனும் புகைபிடிப்பதையும் நிறுத்துங்கள்; மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை முடக்குவதில் புகைக்கு நிகரில்லை. கொசுவுக்கு வலையும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியும் நல்ல தீர்வு. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதால் பள்ளிக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை அணிவியுங்கள்.

எதிர்ப்பாற்றல் பிறவியிலேயே குறைபாடாக இருக்கும் குழந்தைகள் உண்டு, அரிதுதான். ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் மாறாத வெண்படலம், தோலிலோ உள்ளுறுப்பிலோ அடிக்கடி ஆழமான சீழ்க்கட்டி, ஊசி வழி மருந்தில்லாமல் தீராத தொற்றுகள், எடை ஏறாமை ஆகியவை அதன் அறிகுறிகள். அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும், காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். இவற்றில் எதாவது உங்கள் மகனுக்குப் பொருந்தினால், அவனுடைய எடைக் குறிப்பையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். முழு இரத்த அணுப் பரிசோதனையும் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) அளவும் பார்த்தாலே தொடக்கத் தெளிவு கிடைத்துவிடும். எதுவும் பொருந்தாமல், சளி விட்ட நாள்களில் அவன் ஓடியாடிச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்தால், எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.